வாங்கில் குந்த மறுத்த மரைக்கார்

ஈரல் நோய் குடிகாரனுக்குத்தான் வரும் என்று நம்புகிற ஊரில், சொட்டு மது தொடாத என் கணவருக்கு அது வந்தது. நீரிழிவும் கொழுப்பும் சேர்ந்து செய்த வேலை. நானோ கல்முனைப் பக்கத்து ஆஸ்பத்திரியொன்றில் ஈரல் கிளினிக் தாதி. மருதமுனையிலிருந்து சம்மாந்துறை வரை பெண்களைக் கூட்டி வகுப்பு வைத்து ஈரலைப் பற்றிப் பேசியே தொண்டை கட்டியவள். என் பேச்சைக் கேட்காத ஈரல் என் வீட்டில்தான் இருந்தது.

அவர் பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒரு மரைக்கார். கிளினிக் நோயாளிகள் வரிசையாகக் குந்திக் காத்திருக்கும் நீளப் பலகை வாங்கு, தெருவுக்கே தெரியும்படி கிடக்கிறது.

"அதில நான் குந்தினா, மரைக்கார் ஒளிச்சுக் குடிச்சிருக்காரெண்டுதான் ஊரு கதைக்கும், புள்ள," என்றார்.

போன நோன்புக்கு முந்திய மாதம் அவருடைய வயிறு வீங்கத் தொடங்கியது. ஈரல் இறுகினால் உணவுக்குழாயில் இரத்தக் குழாய்கள் புடைக்கும், வெடித்தால் இரத்தமாக வாந்தி வரும் என்று கெஞ்சினேன். மட்டக்களப்புக்காவது போவோம் என்றேன். அங்கேயும் நம்மூர் ஆட்கள்தான் இருப்பார்கள் என்றார். அதுவும் உண்மைதான்.

இன்னொன்று எனக்குத் தெரியும். எங்கள் பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் மௌலவிக்கும் இதே நோய். வாங்கு காலியான பிறகு கடைசி ஆளாக வருவார். சொன்னால் கணவர் மறுநாளே வருவார். ஆனால் நோயாளியின் கதையை வெளியே விடுகிறவள் தாதியல்ல. கணவர் இருமும்போதெல்லாம் சிவப்புத் தெரிகிறதா என்று பார்த்தபடி வாயை மூடிக்கொண்டிருந்தேன். மற்ற நாட்களில் அரபியில் அழகாக இறைஞ்சுபவள், சுஜூதில் நெற்றி நிலத்தில் பட வெறும் தமிழில் அழுதேன்: யா அல்லாஹ், என் வாய் திறக்க ஏலாது, வேறு ஒரு வாயைத் திற.

அந்த வெள்ளி, ஜும்ஆ முடிந்து கணவர் தொப்பியைக் கழற்றாமலே வீட்டுக்கு வந்து என் முன்னால் குந்தினார். தொழுகைக்குப் பிறகு மௌலவி எழுந்து நின்று, "எனக்கும் ஈரல்ல வருத்தம். குடிச்சதால வந்ததெண்டு நினைக்கிற ஆக்கள் எனக்குப் பின்னால தொழ வேணாம்," என்றாராம். ஒருவரும் எழும்பிப் போகவில்லையாம்.

"கிளினிக் எப்ப?" என்று கணவர் கேட்டார்.

"செவ்வாய்க்கிழமை," என்றேன்.

ஏன் சொன்னீர்கள் என்று பிறகு மௌலவியிடம் கேட்டேன். "தெரியல்ல, மிஸ். வாயில வந்திட்டு."

செவ்வாயன்று கணவர் தெருவைப் பார்த்தபடி குந்தியிருந்தார். வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்த டொக்டர், வெடிக்கும் நிலையில் புடைத்திருந்த இரத்தக் குழாய்களை வளையம் போட்டுக் கட்டினார். அல்ஹம்துலில்லாஹ்.

இறுகிய ஈரல் இளகவில்லை. இன்றும் அவர் இருமினால் சிவப்புத் தெரிகிறதா என்று பார்க்கிறேன். விளக்கிச் சொன்னால் போதும், ஆட்கள் திருந்திவிடுவார்கள் என்றிருந்த நான், இப்போது வகுப்புக்கு முன் இரண்டு ரக்அத் தொழுகிறேன். வெட்கம் உங்களையும் வீட்டில் கட்டிப்போட்டிருந்தால், அல்லாஹ்விடம் கேளுங்கள். கேட்டுவிட்டுச் செவ்வாய்க்கிழமை வாருங்கள். நான் இருப்பேன். வாங்கில் என் கணவரும் இருப்பார், இன்ஷா அல்லாஹ்.