தொப்பூர் இறக்கமும் ஐந்து நட்சத்திரமும்

போன செவ்வாய்க்கிழமை காலை, தர்மபுரியிலிருந்து சேலம் போகும் ஒரு பஸ்ஸின் பின்னாலேயே தொப்பூர் கணவாயில் காரில் இறங்கினேன். மூன்றாவது கியரில். முந்தவும் இல்லை, ஒதுங்கவும் இல்லை. காரில் நான் மட்டும். பஸ்ஸில் என் மனைவி செலின்.

இரண்டு பேரும் போக வேண்டிய இடம் ஒன்றுதான் - சேலத்தில் அவள் கண்ணுக்குப் பார்க்கும் மருத்துவமனை.

சண்டையா என்று கேட்பீர்கள். சண்டை என்றால் பரவாயில்லையே... நாற்பத்து மூன்று வருடமாகப் போட்ட சண்டைகள் எல்லாம் அன்று மாலை காபிக்குள் முடிந்திருக்கின்றன. இது வேறு. நான் ஓட்டும் காரில் இனி ஏறுவதில்லை என்று அவள் முடிவெடுத்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. காரணம், ஒரு மொபைல் ஆப்.

பாருங்கள், இப்போதும் பழியை எங்கே போடுகிறேன் என்று. காரணம் நான்தான். முழுவதும் சொல்லிவிடுகிறேன்.

தினமும் காலையில் நடக்கப் போகும் மைதானத்தில் எங்கள் கூட்டம் ஒன்று உண்டு. எல்லாம் ஓய்வு பெற்றதுகள். சர்க்கரை, மூட்டுவலி, மருமகள் - மூன்றும் சலித்துப்போன பிறகு மிச்சமிருக்கும் ஒரே பேச்சு கார் மைலேஜ். எங்களில் ஒருவருக்கு பைபாஸ் ஆபரேஷன் முடிந்து திரும்பி வந்த அன்றுகூட, அவரைப் பத்து நிமிடம் விசாரித்தார்கள், அவர் காரை அரை மணி நேரம் விசாரித்தார்கள்.

வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற மாதையன்தான் ஆரம்பித்தார்.

"சார், உங்குளுது என்னா குடுக்குதுங்க?"

"பதினைந்து, பதினாறு இருக்கும்."

"இருக்குமாவா? பிசிக்ஸ் வாத்தியாரு 'இருக்கும்'னு சொல்லலாமுங்களா? நம்முளுது இருவதுக்குக் கொறையறதில்லைங்க சார். ஆப்ல பாருங்க."

காட்டினார். பெட்ரோல் போடும் ஒவ்வொரு முறையும் எத்தனை லிட்டர், மீட்டரில் எத்தனை கிலோமீட்டர் என்று பதிய வேண்டும். அது கணக்குப் போட்டு ஒரு வரைபடம் வரையும். லிட்டருக்கு இருபது வந்தால் ஐந்து நட்சத்திரம், கூடவே ஒரு பச்சை இலை. எல்.கே.ஜி. பிள்ளையின் நோட்டில் டீச்சர் ஒட்டுவாரே, அதே ரகம்.

முப்பத்து நான்கு வருடம் இயற்பியல் நடத்தியவன் நான். அதில் கடைசி ஆறு வருடம் தலைமையாசிரியர். வரைபடம் என்றால் எனக்கு ஒரு மயக்கம். எழுபது வயதில் நட்சத்திரம் என்றால் அதைவிட மயக்கம் என்பது அன்றுதான் தெரிந்தது.

முதல் மாதம் பதினைந்து புள்ளி எட்டு. மூன்று நட்சத்திரம். இலை இல்லை. எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்து என்ன செய்தேன் தெரியுமா? ஏசியை நிறுத்தினேன். பங்குனி வெயிலில், தர்மபுரியில். ஜன்னலைத் திறந்தால் காற்று எதிர்க்கும், மைலேஜ் குறையும் - அதனால் ஜன்னலும் திறக்கக் கூடாது என்றேன். பக்கத்து சீட்டில் செலின் மாதா கோயிலுக்குக் கட்டிய பட்டுப்புடவையில் வெந்துகொண்டிருந்தாள். டிக்கியில் இருந்த தண்ணீர் கேனை இறக்கினேன். குடையை இறக்கினேன். ஸ்டெப்னி டயரையும் கழற்றி வீட்டு வராந்தாவில் வைத்தேன். எடை குறையுமாம்.

செலின் அந்த டயரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"என்னையும் எறக்கி உட்டுருங்க. அறுவது கிலோ மிச்சமாவும்."

சிரித்தேன். நல்ல நகைச்சுவை என்று மைதானத்தில் போய்ச் சொல்லவும் சொன்னேன்.

பங்க்கில் இன்னும் கேவலம். டேங்க் கழுத்து வரை நிறைந்தால்தான் கணக்கு சரியாக வரும். மெஷின் தானாக நின்ற பிறகும், உள்ளே காற்று இருக்கும் என்று காரின் பின்பக்கத்தை இடுப்பால் முட்டி முட்டிக் குலுக்கினேன். பெட்ரோல் போடும் அந்தப் பெண் குழாயைப் பிடித்தபடி பொறுமையாக நின்றாள்.

"ஏனுங்க சார், குலுக்கிக் குடிக்கறதுக்கு இது என்ன மருந்து பாட்டிலா?"

அப்போதாவது வெட்கப்பட்டிருக்க வேண்டும். நான் நான்காவது நட்சத்திரத்தை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த இடத்தில் பழைய வாசகர்களுக்கு ஒன்று நினைவிருக்கலாம். சில வருடங்களுக்கு முன் தொப்பூர் விபத்துகளைப் பற்றி இதே பத்திரிகைப் பத்தியில் எழுதினேன். சேலம் பக்கமாக இறங்கும்போது டீசல் மிச்சம் பிடிப்பதற்காக வண்டியை நியூட்ரலில் உருட்டிவிடும் லாரிக்காரர்களைக் கிழி கிழி என்று கிழித்திருந்தேன். 'நிலை ஆற்றல் எப்படி இயக்க ஆற்றலாகிறது என்று தெரியாத, எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர்களிடம் முப்பது டன்னைக் கொடுத்தால் இதுதான் நடக்கும்' என்று ஒரு வாக்கியம். அதைப் பாராட்டி எத்தனை கடிதங்கள்... வெட்டி ஒட்டி வைத்திருக்கிறேன்.

அந்த இறக்கத்தில்தான், சித்திரை மாதம், செலினைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போகும்போது நான் நியூட்ரல் போட்டேன்.

ஆம். எம்.எஸ்ஸி., எம்.எட். நியூட்ரல் போட்டேன்.

'நியூட்ரலில் இயக்காதீர்' என்ற போர்டு பக்கத்திலேயே போனது. படித்தேன். அது லாரிகளுக்கு என்று நினைத்தேன். வண்டி மிதந்துகொண்டு இறங்கியது. எதிரே டாஷ்போர்டின் சின்னத் திரையில் சராசரி மைலேஜ் ஏறியது. பத்தொன்பது புள்ளி ஆறு. இருபது. இருபது புள்ளி மூன்று... பிரேக் பிடித்தால் வேகம் வீணாகும் என்று பிடிக்காமல் விட்டேன். பிறகு பயந்து பிடித்தேன். விட்டேன். பிடித்தேன்.

"என்னங்க, வேகமாப் போவுது," என்றாள் செலின்.

"இறக்கம் இல்லையா, அப்படித்தான் இருக்கும்."

"என்னங்க..."

இரட்டைப் பாலத்துக்கு முன்னால் உள்ள வளைவில் ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. இரும்புக் கம்பி ஏற்றிய லாரி. கம்பிகள் பின்னால் ஆறடி நீட்டிக்கொண்டிருந்தன. பிரேக்கை மிதித்தேன். கால் உள்ளே போனது, வண்டி கேட்கவில்லை. ரப்பர் தீயும் வாசனை. இரண்டு கையாலும் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். வண்டி உதறிக்கொண்டு வேகம் குறைந்தது... கம்பி நுனியில் கட்டியிருந்த சிவப்புத் துணி எங்கள் கண்ணாடியை ஒரு முறை துடைத்தது. செலின் பக்கத்தில். அவள் முகத்துக்கு நேரே.

லாரி தன் பாட்டுக்கு முன்னே நகர்ந்தது. நாங்கள் ஓரத்து மண்ணில் ஏறி நின்றோம்.

இப்போது உண்மையான பாவத்துக்கு வருகிறேன். இதுவரை சொன்னதெல்லாம் முட்டாள்தனம், அவ்வளவுதான்.

வண்டி நின்றதும் நான் முதலில் பார்த்தது என் மனைவியை இல்லை. திரையைப் பார்த்தேன். இருபத்தொன்று புள்ளி நான்கு. அதற்குப் பிறகுதான் அவள் பக்கம் திரும்பினேன். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கண் எங்கே போய்விட்டு வந்தது என்பதையும் பார்த்திருந்தாள்.

சற்றுத் தள்ளி லாரியை நிறுத்திவிட்டு அதன் டிரைவர் நடந்து வந்தார். நாற்பது வயது இருக்கும், தோளில் துண்டு. குனிந்து சக்கரத்தை மோந்து பார்த்தார்.

"நியூட்ரலுங்களா சார்?"

தலையை ஆட்டினேன்.

"நான் முப்பது டன்னு வெச்சிக்கிட்டு செகண்ட் கியர்ல உருட்டிக்கினு போறேன். நீங்க அம்மாவ முன்னாடி ஒக்கார வெச்சிக்கிட்டு நியூட்ரல்ல வரீங்க. எங்காளுங்க செஞ்சாலாவது மிச்சமாவற டீசலு அவுங்களுக்கு. உங்களுக்கு என்னா சார் கெடைக்கும்?"

நட்சத்திரம் என்று எப்படிச் சொல்வது?

"மைலேஜுக்காக..." என்றேன்.

அவர் சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். பாவப்பட்டார்.

"புது வண்டிதானுங்களே. கியர்ல வெச்சி கால எடுத்துட்டா எறக்கத்துல எஞ்சினுக்குப் பெட்ரோலே போவாதுங்க சார். நியூட்ரல்ல போட்டாத்தான் அது நிக்காம இருக்க கொஞ்சங் கொஞ்சமாக் குடிச்சிக்கிட்டே இருக்கும். டிரெய்னிங்ல படம் போட்டுக் காட்டுனாங்க. உங்குளுக்கு யாரும் சொல்லலையா?"

யார் சொல்வது? நான்தான் மற்றவர்களுக்குச் சொல்லுகிறவன் ஆயிற்றே.

பிரேக் ஆறும் வரை அரை மணி நேரம் எங்களுடன் நின்றார். தன் பாட்டிலில் இருந்த தண்ணீரைச் செலினுக்குக் கொடுத்தார். எங்களிடம் தண்ணீர் இல்லை - கேன் வீட்டில் இருந்ததே. எத்தனை வகுப்பு படித்தவர் என்று எனக்குத் தெரியாது. கேட்க வாய் வரவில்லை. அந்தப் பழைய கட்டுரையை இன்று இங்கேயே திரும்பப் பெறுகிறேன். பாராட்டி எழுதியவர்கள் தங்கள் கடிதங்களைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

சேலம் வரை செலின் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பரிசோதனை முடிந்து வெளியே வந்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நான் பஸ்ல போயிக்கிறேன்."

"செலின், இனிமேல் அப்படி ஓட்ட மாட்டேன்."

"ஓட்டுனதுக்கு இல்லைங்க. நின்னப்புறம் எங்க பாத்தீங்க?"

ஆட்டோ பிடித்து பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் மைதானத்தில் மாதையனிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். வாயில் கை வைத்துக் கேட்டார். "தெய்வந்தான் சார் காப்பாத்துச்சி," என்றார். நான்கு அடி நடந்த பிறகு மெதுவாக, "ஆனா... அன்னிக்கி எவ்ளோ வந்துச்சிங்க?"

ஓசூரில் இருக்கும் மகன் போனில் அரை மணி நேரம் திட்டினான். வைப்பதற்கு முன், "அந்த வண்டி ஹைவேல எவ்ளோதாம்ப்பா தரும்?" என்றான்.

மனசு ஆறாமல் மாதா கோயிலில் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எங்கள் பங்குச் சாமியார் நல்லவர். திரைக்கு அந்தப் பக்கம் இருந்து பொறுமையாகக் கேட்டார். பிராயச்சித்தமாக ஜெபங்கள் சொன்னார். மன்னிப்பு வழங்கினார். நான் எழுந்திருக்கும்போது தயங்கித் தயங்கி ஒரு குரல்:

"ஐயா... நம்ம கோயில் வண்டியும் அதே மாடல்தான். எவ்வளவு குடுத்துச்சு?"

"இருபத்தொன்று புள்ளி நான்கு, சாமி."

சொன்னேன். சொல்லும்போது குரலில் துளி பெருமையும் இருந்தது. அதற்குத் தனியாக ஒரு பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும்.

சுற்றிலும் பாருங்கள்... உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யாராவது கேட்கிறார்களா? வண்டி என்ன தருகிறது என்றுதான் கேட்கிறோம். கல்யாணத்துக்கு வந்தவனிடம், சாவுக்கு வந்தவனிடம், ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவனிடம்... நானும் இவர்களில் ஒருவன்தான். ஒருவேளை தலைவனாகவும் இருக்கலாம்.

அடுத்த மாதப் பரிசோதனைக்கு அவள் பஸ்ஸில் போய் பஸ்ஸிலேயே வந்தாள். ஞாயிறு பூசைக்கு நடந்து போனாள். நான் காரில் தனியாகப் போய் காய்கறி வாங்கி வந்தேன். மாதக் கடைசியில் மொபைல் சிணுங்கியது. 'வாழ்த்துகள். உங்கள் மைலேஜ் உயர்ந்துள்ளது. இதே போல் தொடருங்கள்.'

ஐந்து நட்சத்திரம். பச்சை இலை.

இதே போல் தொடர வேண்டுமாம். அறுபது கிலோ குறைந்ததன் கதை அதற்கு எப்படித் தெரியும்?

ஆப்பை அன்றே அழித்தேன். கைதட்டாதீர்கள். பிரேக்கை மிதிக்காமல் விட்டது ஆப்பின் கால் இல்லை. ஸ்டெப்னியை டிக்கியிலும் தண்ணீர் கேனைப் பின்சீட்டுக்குக் கீழும் மறுபடி வைத்தேன். செலின் பார்த்தாள். அப்போதும் பஸ்ஸுக்குத்தான் கிளம்பினாள்.

அதனால்தான் போன செவ்வாய்க்கிழமை அவள் ஏறிய பஸ்ஸின் பின்னால் போனேன். வேறு எப்படி அவளுடன் சேலம் போவது?

மருத்துவமனை வாசலில் காத்திருந்தேன். கண்ணுக்கு மருந்து விட்டு, கறுப்புக் கண்ணாடி போட்டு வெளியே வந்தாள். படியிலேயே நின்றாள்.

"பஸ்ஸு பின்னாடியே வந்தீங்களா?"

"ஆமாம்."

"டிரைவர் கண்டக்டர்கிட்டச் சொல்லி ஒரே பொலம்பல். எவனோ ஒரு கார்க்காரன் முந்தவும் மாட்டேங்கறான், தொலையவும் மாட்டேங்கறான்னு. பஸ்ஸே திரும்பிப் பாத்துச்சு."

"நீ என்ன சொன்னாய்?"

"எனக்கென்ன தெரியும்? யாரோ கெழவன்னு சொன்னேன்."

கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள்.

"எத்தனாவது கியரு?"

"மூணு."

"பூராவுமா?"

"பூராவும்."

"மீட்டரு?"

"அந்தத் திரை மேல காலண்டர் அட்டையை வெட்டி ஒட்டிட்டேன். நீயே வந்து பாரு."

வந்தாள். கறுப்புக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, ஜன்னல் வழியாகக் குனிந்து, சந்தேகமாகப் பார்த்தாள். அந்தோணியார் படத்தின் பாதி அங்கே இருந்தது.

"திரும்பறப்ப தொப்பூரு மேடுதானுங்க?"

"மேடுதான்."

"மேட்டுல நியூட்ரல் போட முடியாதில்ல?"

"போட்டால் வண்டி பின்னால போயிடும்."

யோசித்தாள். பிறகு பின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். முன் சீட் காலியாகவே இருந்தது.

"ஏசி போடுங்க," என்றாள்.

போட்டேன். கணவாய் முழுவதும் வண்டி முக்கிக்கொண்டு ஏறியது. எவ்வளவு குடித்ததோ... தெரியாது. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

இப்போதைய ஏற்பாடு இதுதான்: இறக்கத்துக்கு பஸ், ஏற்றத்துக்கு நான்.