உப்பைப் பீரோவில் வைத்துப் பூட்டிய நாட்கள்

என் மகள் குளியலறை வாசலில் விழுந்து கிடந்த காலையில் நான் கையில் எடுத்தது போனைத்தான். ஆம்புலன்சைக் கூப்பிட அல்ல, வாட்ஸ்அப் குழுவில் கேட்க. "இன்று பதினெட்டாம் நாள். பிள்ளை மயங்கி விழுந்துவிட்டாள். என்ன செய்யலாம்?" என்று எழுத்துப் பிழை இல்லாமல் தட்டச்சு செய்து அனுப்பினேன். பதில் உடனே வந்தது. முதலில் கைகூப்பும் படம், பிறகு ஓர் இலையின் படம், அதன்பின் குழுவை நடத்துபவரின் குரல்: "பயப்படாதீங்க சிஸ்டர். பல வருஷக் கழிவு வெளியேறுது. இப்பதான் பாடி சுத்தமாகுது. தண்ணி இன்னும் ரெண்டு டம்ளர் குடுங்க."

அரைக்கண் திறந்து கிடந்தவளின் தலையை மடியில் ஏந்தி, நான் கொடுத்தேன்.

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்து உட்கார அரை மணி நேரம் ஆயிற்று. இது நடந்து ஏழு மாதம் ஆகிறது.

நான் வேதியியல் படித்தவள். முத்தையாபுரத்துக்கு அந்தப் பக்கம் ஓர் உப்பு ஆலையின் ஆய்வுக்கூடத்தில் இருபது வருடமாக வேலை பார்க்கிறேன். அளத்திலிருந்து வரும் உப்பில் ஈரம் எவ்வளவு, அயோடின் எவ்வளவு, சோடியம் குளோரைடு எவ்வளவு என்று பார்த்து எழுதிக் கையெழுத்துப் போடுவது என் தொழில். கணவர் துறைமுகத்தில் ஒரு ஏற்றுமதி ஏஜென்சியில் இருக்கிறார். ஒரே மகள். பத்தொன்பது வயது, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு.

அவளுக்கு முகத்தில் பருக்கள் இருந்தன. மாதவிலக்கு முன்னே பின்னே வந்தது. கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள். அவ்வளவுதான். ஒரு கல்யாண வீட்டில் என் நாத்தனார் பந்தியில் வைத்தே, "என்ன மைனி, பிள்ள இப்படி ஊதிப்போச்சு? முகத்தப் பாத்தா கம்பு காயப்போட்டமாரி இருக்கு" என்றாள். மகள் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டாள். அன்றைக்கு நான் நாத்தனாரைத் திட்டியிருக்க வேண்டும். திட்டாமல், பிள்ளையைத் திருத்தப் புறப்பட்டேன்.

எங்கள் தெருவில் முன்பு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி இப்போது 'வெல்னஸ் கோச்'. அந்த வாட்ஸ்அப் குழுவை நடத்துபவர் அவர்தான், அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவர் வீட்டு முன்னறையில் ஓர் இயந்திரம் இருந்தது. மகள் அதில் ஏறி நின்றாள். "உடம்பு வயசு முப்பத்தெட்டு" என்றார் அக்கா. மகளின் கண் நிறைந்துவிட்டது. என் ஆய்வுக்கூடத்தில் தராசைக்கூட வருடா வருடம் ஆள் வந்து சரிபார்த்துச் சான்று ஒட்டிவிட்டுப் போகவேண்டும். இந்த இயந்திரத்தைச் சரிபார்த்தது யார் என்று ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவில்லை.

இருபத்தொரு நாள் திட்டம். விடிந்ததும் வெண்பூசணிச் சாறு. காலையும் மாலையும் பச்சைப் பொட்டலத்துப் பொடி ஒரு கரண்டி. மூன்று வேளையும் மாத்திரைகள். மதியம் பச்சைக் காய்கறி, மாலையில் பழம். நாளைக்கு ஐந்து லிட்டர் தண்ணீர். பால் கூடாது, புளி கூடாது, மீன் கூடாது. உப்பு அறவே கூடாது. "உப்புதான் முதல் நஞ்சு. தண்ணியக் கட்டிப்போட்டு உடம்ப ஊத வைக்கிறதே அதுதான்" என்றார் அக்கா. உப்பளக் காற்றைக் குடித்து வளர்ந்த இந்த ஊரில், உப்புச் சம்பளத்தில் பிள்ளை வளர்த்த நான், தலையை ஆட்டினேன். "அம்மாவும் பொண்ணும் சேந்து பண்ணுங்க. அப்பதான் பிள்ளைக்குத் தெம்பு வரும்" என்றார். அதற்கும் ஆட்டினேன்.

வீட்டில் கணவர் சிரித்தார்.

"ஏளா, தேசம் பூரா உப்பு அனுப்புதோம். நம்ம வீட்டுல மட்டும் அது நஞ்சாயிட்டோ?"

"இருபத்தோரு நாளுதான. வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க."

"நான் இருந்துக்கிடுவேன். பரோட்டா கட அண்ணாச்சி என்னயக் கைவிட மாட்டாரு. பச்சப் பிள்ள என்ன பாடுபடப் போகுதோ."

மகள் சொன்ன பேச்சைக் கேட்பவள். பொடியை மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினாள். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை வயிற்றால் போயிற்று. "நல்ல அறிகுறி" என்றது குழு. ஒன்பதாம் நாள் மாலை நான் வேலை முடிந்து வந்தபோது அடுக்களையில் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள். கல்லுப்பு ஜாடி திறந்திருந்தது. கன்னத்தில் ஒரு கல் புடைத்துக்கொண்டு தெரிந்தது.

"என்னளா செய்யுத?"

"வாய் கேக்குதும்மா."

"வாயா கேக்குது? உள்ள இருக்க கழிவு கேக்குது. துப்பு."

அந்த வாக்கியம் என்னுடையது அல்ல, குழுவில் படித்தது. என் வாயில் அது எவ்வளவு சரளமாக வந்தது என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு பற்றி எரிகிறது. அவள் என் முகத்தைப் பார்த்தாள், தொட்டியில் துப்பினாள், வாய் கொப்பளித்தாள். நான் உப்பு ஜாடியை எடுத்துப் பீரோவில் பட்டுச்சேலைகளுக்குக் கீழே வைத்துப் பூட்டினேன்.

அடுத்து எழுத வேண்டியதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். அந்தத் திட்டத்தில் நானும் சேர்வதாகத் தலையாட்டினேன் என்று சொன்னேன் அல்லவா? நான் இருக்கவில்லை. மூன்றாம் நாளே தலை வலித்தது. ஆலை கேன்டீனில் பத்து மணிக்கு ஒரு டீயும் உளுந்த வடையும் சாப்பிட்டேன். ஒரு நாளைக்குத்தானே என்றுதான் தொடங்கியது. பிறகு தினமும் ஆயிற்று. மதியம் உடன் வேலை பார்ப்பவள் சாளை மீன் குழம்பில் பாதியை என் தட்டில் ஊற்றுவாள். மறுக்கவில்லை. மாலையில் வீட்டுக்கு வந்து மகளோடு உட்கார்ந்து பப்பாளித் துண்டுகளைப் படம் எடுத்து, "இருவரும் கடைப்பிடிக்கிறோம்" என்று குழுவில் போடுவேன். பதிமூன்றாம் நாள் அவள் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு துடித்தபோது, "என்னயப் பாரு, எனக்கு ஏதாவது செய்யுதா? நானும் உன்கூடத்தான இருக்கேன்" என்று சொன்னேன். அவள் நம்பினாள். நம்பி இன்னொரு டம்ளர் தண்ணீர் குடித்தாள்.

அந்த வாரம் அக்கா மகளின் முகப்படம் கேட்டு வாங்கினார். பருக்கள் அடங்கியிருந்தன. ஆறு கிலோ குறைந்திருந்தது. குழுவில் பூங்கொத்தாகக் குவிந்தது. நாத்தனார்கூடப் போன் போட்டு, "இப்பத்தான் மைனி பிள்ள பிள்ளயா இருக்கு" என்றாள். மகளுக்கு வாந்தி வருகிறது, பேசப் பேச வார்த்தை மறக்கிறது என்பதை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பதினெட்டாம் நாள் நான் இரண்டாவது டம்ளரைப் புகட்டிக்கொண்டிருக்கும்போது கணவர் பால் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார். மகளைப் பார்த்தார், என் கையிலிருந்த போனைப் பார்த்தார். போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்தார். அவளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடி, முதலில் வந்த ஆட்டோவை மறித்தார். மருத்துவமனை வாசலில் அவளுக்கு வலிப்பு வந்தது. பல் கிட்டி நாக்கில் ரத்தம் வந்தது.

ரத்தத்தில் சோடியம் நூற்றுப் பன்னிரண்டு. நூற்று முப்பத்தைந்தாவது இருக்க வேண்டும். மருத்துவர் இளம்பெண், என் மகளைவிடப் பத்து வயதுதான் மூத்திருப்பாள். "வீட்ல உப்பே சேக்கலையா?" என்று கேட்டாள். அதில் ஏளனம் இல்லை, நிஜமான குழப்பம் இருந்தது. நான் பச்சைப் பொட்டலத்தைக் கொண்டுவரச் சொன்னேன். கணவர் வீட்டுக்குப் போய் எடுத்து வந்தார். அதைப் பிரித்து மோந்து பார்த்தவர், உள்ளங்கையில் கொட்டித் தேய்த்தார். அவர் முகம் மாறியது.

"ஏளா, இது நம்ம அவுரில்லா!"

அவுரி என்று நாங்கள் சொல்லும் நிலாவாரை எங்கள் பக்கத்துச் செம்மண் காட்டில் விளைவது. அதன் இலை பேதியாவதற்குக் கொடுப்பது. பொதி பொதியாகக் காய்ந்து எங்கள் துறைமுகம் வழியாக வெளிநாடு போகிறது. அந்தப் பொதிகளுக்குக் காகிதம் எழுதுவது என் கணவரின் வேலை. பொட்டலத்தின் மேல் பனிமலைப் படம் போட்டிருந்தது. ஆங்கிலத்தில் ஏதேதோ பெயர் இருந்தது. பின்பக்கம் எறும்பு அளவு எழுத்தில் அந்த இலையின் பெயரும் இருந்தது. உப்பை விற்கும் வீடு உப்பைப் பூட்டி வைத்தது, அவுரியை ஏற்றும் வீடு அவுரியை வாங்கிப் பிள்ளைக்கு ஊட்டியது. வேறு ஊர்க்காரனுக்கென்றால், தெரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க வழி உண்டு. எங்களுக்கு என்ன வழி?

பேதியில் உப்பு போய்விட்டது, மிச்சத்தைத் தண்ணீர் கரைத்துவிட்டது என்று மருத்துவர் விளக்கினாள். எனக்கு விளக்கினாள், வேதியியல் படித்தவளுக்கு! பிறகு கேட்டாள்: "நீங்களும் இதே டயட்லதான இருந்தீங்க? உங்களுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துருவோம்."

"வேண்டாம் டாக்டர்."

"ஏன்மா?"

"நான் உப்பு சாப்பிட்டேன்."

கணவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உப்பை வேகமாக ஏற்றினால் மூளைக்கு ஆபத்தாம். சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். இரண்டு நாள் அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. நர்சை 'மிஸ்' என்று கூப்பிட்டு, வெளியே போகலாமா என்று கேட்டாள். நான்காம் நாள் தெளிந்தாள். வீடு திரும்பியபின் வடை விஷயத்தை நானே அவளிடம் சொன்னேன். வேறு யார் வாயிலும் கேட்க வேண்டாம் என்று. அவள் அழவில்லை. "அப்ப நான் மட்டுந்தானா?" என்று கேட்டுவிட்டு, போர்வையை இழுத்துக்கொண்டாள்.

அவள் தீவிர சிகிச்சையில் கிடந்த அதே நாட்களில் அவள் படம் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. பழைய முகம் ஒரு பக்கம், தெளிந்த முகம் ஒரு பக்கம், கீழே 'இருபத்தொரே நாளில்!' கண்ணாடி உடைந்தும் வேலை செய்த அந்தப் போனிலேயே அக்காவைப் பிடித்தேன். "தண்ணி அளவுக்கு மீறிக் குடிச்சிருப்பா சிஸ்டர். நாங்க அப்படிச் சொல்லல" என்றார். அவர் சொன்னது குரலோடு என்னிடம் இருக்கிறது என்றேன். "நெகட்டிவா பேசாதீங்க, மத்தவங்க ஹீலிங் கெட்டுப்போவும்" என்று சொல்லி வைத்துவிட்டார். அன்று மாலை என்னைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். புகார் என்று போன இடங்களில், "இது மருந்தில்லையே, உணவுப்பொருள்தான, நீங்களா வாங்கித்தான கொடுத்தீங்க" என்கிறார்கள். நானாகத்தான் வாங்கிக் கொடுத்தேன். அதனால் விற்றவர் கை சுத்தமாகிவிடுமா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் அவர்கள் கூட்டம் என்று தெரிந்து போனேன். நாற்பது நாற்காலிகள் போட்டிருந்தார்கள். திரையில் என் மகள் இருந்தாள். அக்கா என்னைப் பார்த்ததும் சிரித்த முகத்தை மாற்றாமலே, "சிஸ்டர், அப்புறம் பேசுவோம்" என்றார். நான் நின்றபடியே பேசினேன். நூற்றுப் பன்னிரண்டு என்ற தாளைக் காட்டினேன். வலிப்பு என்று சொன்னேன். யாரும் அசையவில்லை. அப்போதுதான் எனக்கு அந்தக் கேள்வி வந்தது.

"சத்தியமாச் சொல்லுங்க. இங்கன ஒளிச்சுத் திங்காதவுக யாரு?"

பின்வரிசையில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். "நான் ராத்திரிக்கு ஊறுகா தொட்டுக்கிடுவேன்" என்றாள். இன்னொருத்தி, "எனக்குக் கருவாடு இல்லாம முடியாதுப்பா" என்றாள். சிரிப்பு பரவியது. ஒவ்வொருவரும் ஒரு பஜ்ஜியை, ஒரு தோசையை ஒப்புக்கொண்டார்கள்.

"அக்கா, நீங்க?" என்றேன்.

"நான் மெயின்டனன்ஸ் ஸ்டேஜ் சிஸ்டர்" என்றார். அறையே சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தத் திட்டம் இத்தனை பேரை ஒன்றும் செய்யாமல் விட்டதற்குக் காரணம் இவர்கள் யாரும் அதன்படி நடக்காததுதான். நடந்தவள் ஒருத்தி. அவளைத்தான் திரையில் போட்டிருந்தார்கள். சிரிக்காமல் இன்னொருத்தியும் இருந்தாள். மூன்றாவது வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில், பதினைந்து பதினாறு வயதுப் பெண். உதடு வெடித்திருந்தது.

"நீயும் ஒளிச்சுத் திங்கியாம்மா?" என்று கேட்டேன்.

"இல்ல ஆன்ட்டி. நான் கரெக்டா இருக்கேன். இன்னைக்குப் பன்னண்டாம் நாள்." அவள் குரலில் பெருமை இருந்தது.

"அவ சொன்ன பேச்சு கேக்க பிள்ள" என்றாள் அம்மா.

நான் என்ன பேசினேன் என்று முழுதாக நினைவில்லை. அவர்கள் இருவரையும் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு படியிறங்கினேன். மேலிருந்து அக்காவின் குரல் கேட்டது. அந்த அம்மா, "விடுங்க, ஆளுக பாக்காவ" என்று முறைத்துக்கொண்டே வந்தாள். கீழே சோடாக் கடையில் எலுமிச்சை பிழிந்து உப்புப் போடச் சொல்லிக் கண்ணாடி டம்ளரைப் பிள்ளையிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். எனக்கு அந்தப் பார்வை தெரியும். என் அடுக்களையில் உப்புக்கல்லை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை அது.

"நாளைக்கு வேண்டாம், இன்னைக்கே ரத்தம் பாருங்க. சோடியம்னு கேளுங்க. அவ அறிவு தப்பிப் போனா என்னால சும்மா இருக்க முடியாது, ஒங்க வீடு தேடி வருவேன்" என்றேன் அம்மாவிடம். அந்நியப் பெண்ணிடம் அப்படிப் பேச எனக்கு எந்த உரிமையும் இல்லை. அவள் சாலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். பிறகு மகள் பக்கம் திரும்பாமலே, "குடி" என்றாள்.

பிள்ளை ஒரே மூச்சில் குடித்தது. டம்ளரைக் கடைக்காரரிடம் நீட்டி, மெதுவாகக் கேட்டது:

"அண்ணாச்சி, இன்னொண்ணு. உப்பு கொஞ்சம் கூடப் போடுங்க."