வசனத்தின் நடுவில் ஒரு நிறுத்தம்

எனக்குப் பொறுமை கிடையாது. லிஃப்ட் தாமதமானால் மாடிப்படி ஏறிப் போய்விடுகிறவன் நான். துபாயில் டூட்டி, அஜ்மானில் வீடு, நடுவில் ஷார்ஜா நெரிசல். அந்தச் சாலையில் வருடக்கணக்காக ஊர்ந்தும் எனக்குக் காத்திருக்க வரவில்லை. பாடும்போதும் அப்படித்தான்.

எங்கள் தமிழ்ச் சபைக்கென்று தனிக் கட்டடம் இல்லை. ஒரே வளாகத்தில் மலையாளிகள், பிலிப்பினோக்கள், உருதுக்காரர்கள் என்று எல்லோருக்கும் நேரம் பிரித்து ஹால் கொடுப்பார்கள். நாங்கள் கடைசிப் பாட்டின் கடைசி அடியில் இருக்கும்போதே அடுத்த கூட்டம் கிட்டாரோடு வாசலில் வந்து நிற்கும். ஆமென் சொன்ன வாயோடு நாற்காலி அடுக்குவோம். அதனால் எங்கள் பாடகர் குழு எதையும் கொஞ்சம் விரட்டித்தான் பாடும். ஆண்களின் கீழ்க்குரலான பேஸ் வரிசையிலிருந்து அப்படி விரட்டுகிறவன் நான்.

போன வருடம் இங்கிலாந்திலிருந்து ஒரு பேராலயத்தின் பாடகர் குழு வளைகுடாப் பக்கம் சுற்றுப்பயணமாக வந்தது. எங்கள் வளாகத்தில் ஒரு மாலை ஆராதனை. பைபிளின் சங்கீதம் ஒன்றைப் பாட எங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அதில் ஒரு வசனத்தின் முதல் பாதி எங்கள் ஆண்களுக்கு. இரண்டாம் பாதி என் மனைவிக்கு மட்டும், தனியாக. அவள் பள்ளி ஆசிரியை, குழுவில் ஆல்டோ, பெண்களில் கீழ்க்குரல். இந்த மாதிரிப் பேராலயப் பாட்டுகளை ஃபோனில் ஓடவிட்டுக்கொண்டே சமைக்கிறவள். அந்தப் பாதி வசனம் தனக்கென்று தெரிந்த அன்று அவளுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

ஒத்திகையில், முதல் பாதி முடிந்ததும் ஒரு மூச்சு நேரம் நிறுத்தச் சொன்னார் அவர்கள் குழுவை நடத்தும் நெட்டையான வெள்ளைக்கார அம்மா. நான் நிறுத்தவில்லை. யாருமே பாடாத அந்த ஒரு மூச்சு நேரத்தில் ஏதோ தப்பு நடந்துவிட்டதுபோல எனக்குப் பதறியது. அடுத்த பாதியையும் நானே எடுத்துவிட்டேன்.

அந்த அம்மா கோபித்துக்கொள்ளாமல் ஃபோனில் படம் காட்டினார். புல்வெளி நடுவே கல்லில் எழுந்த பேராலயம், பக்கத்தில் ஆறு, கோபுரத்தைச் சுற்றிக் காக்கை மாதிரிப் பறவைகள், மதிலோரம் பாடும் பிள்ளைகள் படிக்கும் பழைய வீடுகள். கட்டத் தொடங்கியவர்களில் ஒருவர்கூட அது முடிந்ததைப் பார்க்கவில்லையாம். அங்கே பாடினால் சத்தம் கூரைவரை ஏறி இறங்க நேரம் பிடிக்குமாம். அது அடங்குமுன் மறுபாதியைத் தொடங்கினால் இரண்டும் மோதிக் குழம்பிவிடும். அதனால் தலைமுறை தலைமுறையாக வசனத்தின் நடுவில் நின்று பாடிப் பழகிவிட்டார்கள். எந்த ஊருக்குப் போனாலும் அப்படியே நிற்கிறார்கள்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. எங்கள் ஹாலில் தரை முழுக்கக் கம்பளம். எதிரொலி, இங்கத்து அரபியில் சொன்னால், மாஃபி. இல்லாத எதிரொலிக்கு எதற்கு நிற்க வேண்டும்? நான் இங்கே வந்தபோது வெறும் மணலாக இருந்த இடத்தில் கட்டடம் எழும்பி, அதை இடித்து வேறொன்றும் எழுப்பிவிட்டார்கள். விசாவைப் புதுப்பித்துப் புதுப்பித்து ஓட்டுகிற எனக்கு எந்தக் கல்லும் சொந்தமில்லை.

அடுத்த முறையும் முந்தினேன். அதற்கடுத்த முறையும். இனி ஒரு தடவை இப்படி நடந்தால் அந்த வசனம் முழுவதையும் தன் குழுவே பாடிவிடும் என்று அந்த அம்மா மரியாதையாகச் சொல்லிவிட்டார்.

வீடு திரும்பும்போது காரில் மனைவி வெடித்தாள்.

"என்னத்துக்கு இப்படி முந்துதீங்க? அடுத்த ஆளு வாசல்ல நிக்கானா?"

"தன்னால வந்துருது."

"வந்தா வாய மூடிக்கிடுங்க. எனக்கு இருக்கறதே அரை வசனம். அதயும் பிடுங்கிராதீங்க."

ஆராதனை அன்று ஹால் நிரம்பியிருந்தது. எங்கள் பாதியைப் பாடி முடித்தோம். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். ஏசியின் இரைச்சல் கேட்டது. அடுத்த ஹாலில் யாரோ டிரம்ஸ் தட்டிப் பார்த்தார்கள். கால் தானாக ஆடியது. மறுபாதியின் முதல் சொல் நாக்கு நுனிவரை வந்து நின்றது. விழுங்கினேன்.

முன்வரிசையிலிருந்து அவள் குரல் வந்தது. தொடக்கத்தில் லேசாகக் கரகரத்து, பிறகு நிமிர்ந்துகொண்டது. நான் நினைத்திருந்ததைவிடக் கனமான குரல். கடைசிச் சொல்லை அவசரமே இல்லாமல் இறக்கிவைத்தாள். எனக்கு அழுகை வந்தது, வெட்கமாகவும் இருந்தது. அடுத்த வசனத்தில் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள், நான் சேரவில்லை. வாயைத் திறந்தபடி நின்றேன்.

காரில் ஏறியதும் கேட்டாள்: "அதுக்குப் பொறவு ஏன் பாடவே இல்ல? தொண்டை கட்டிருச்சா?"

"இல்ல. ஒன் குரல் கேட்டுச்சு. நீ இப்படிப் பாடுவேன்னு எனக்குத் தெரியாது."

அவள் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.

"நான் எப்பவும் இப்படித்தான் பாடுதேன்," என்றாள்.