பூதக்கண்ணாடியின் வலக்கண்

என் ஓரகத்திக்கு, அதாவது என் கணவரின் அண்ணன் மனைவிக்கு, வேலை செய்யும் சட்டைக் கம்பெனியில் 'பூதக்கண்ணாடி' என்று பட்டப்பெயர். எதிரில் 'மேடம்' என்பார்கள். முதுகைத் திருப்பினால் பூதக்கண்ணாடி. வெளியூர் போகும் சட்டைகளைக் கடைசியாகப் பார்த்து அனுப்பும் மேஜை அவளுடையது. இடது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வலது கண்ணை லென்ஸ் மேல் வைப்பாள். ஒரு தையல் தவறியிருந்தாலும் சட்டை தனியே போய்விடும். அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், மறுபேச்சு கிடையாது.

அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. லென்ஸ் இருக்காது, ஆனால் இடது கண் தானாக மூடிக்கொள்ளும். பாலில் தண்ணீரா, மருந்துச் சீட்டில் தேதி திருத்தமா, புருஷன் சொல்லும் காரணத்தில் ஓட்டையா, எல்லாவற்றுக்கும் அந்த ஒற்றைக்கண் பார்வைதான். சந்தேகம் என்று வந்துவிட்டால் சாமியே வந்தாலும் அடையாள அட்டை கேட்பாள்.

கொஞ்ச நாளாக அந்தப் பார்வை என் துவையல் மேல் விழுந்திருந்தது. தான் வேலைக்குப் போட்டுப் போகும் வெள்ளைக் கோட்டைக் கொடியிலிருந்து இழுத்து, இடது கண்ணை மூடிப் பார்ப்பாள்.

"ஏண்டி, வரவர எல்லாத்தையும் மஞ்சளா துவைக்கிற? சோப்பை மிச்சம் பிடிக்கிறியா?"

"பளிச்சுன்னு இருக்குக்கா. எங்க மஞ்சள்?"

"எனக்கே பாடம் எடுக்காத. என் தொழிலே அதுதான்."

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போவேன். காதில் விழட்டும் என்றுதான் முணுமுணுப்பேன்.

எனக்கு வந்தது வெறும் எரிச்சல். கம்பெனியில் ஒரு மனிதனுக்கு வந்தது வேலைக்கே உலை. அயர்ன் மாஸ்டர் என்று எல்லோரும் கூப்பிடும் அந்த ஆள் பல வருஷமாக அங்கே இஸ்திரி போடுகிறவர். வெள்ளைச் சட்டைகளின் காலரைக் கருக்கி மஞ்சளாக்கிவிட்டார் என்று அவள் ஒரு லாட்டையே, ஒரே தடவையில் வந்த சட்டைகள் மொத்தத்தையும், ஒதுக்கினாள். அடுத்த லாட்டையும் ஒதுக்கினாள். வேண்டுமென்றே செய்கிறார், போட்டிக் கம்பெனிக்காரன் யாரோ பின்னால் இருக்கிறான் என்று வேறு சொன்னாள். சூப்பர்வைசர் ஒரு காலரை விளக்கடியில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஆமா மேடம், லேசா தெரியுது" என்றாராம். மாஸ்டரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். விசாரணையில் இவள் சொல்லப்போகும் வார்த்தையில்தான் அவர் திரும்பி வருவதும் வராததும்.

விசாரணை நெருங்க நெருங்க இவளுக்குக் கண் எரிச்சல். மணல் விழுந்த மாதிரி உறுத்தல், சாயங்காலமானால் தண்ணீர் கொட்டும்.

"மேனேஜர் முன்னாடி கண்ணு கலங்கினா, பொய் சொல்றேன்னு நினைச்சுடுவாங்கடி" என்றாள். அதுதான் அவள் கவலை.

கண்ணாஸ்பத்திரி வேண்டாமாம். அங்கே போனால் நல்ல கண்ணிலும் கத்தி வைப்பார்களாம். நாலு பேரிடம் கேட்டுவிட்டு, கடைத்தெரு மாடி ஒன்றில் ஆயுர்வேத வைத்தியம் பார்க்கும் ஓர் அம்மாளிடம் போக முடிவு செய்தாள். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். பாசத்தால் அல்ல, காவலுக்கு.

"கண்ணை நெய்க்குள்ள வெச்சுட்டு படுக்கணுமாம். அந்த நேரத்துல என்ன நடக்குதுன்னு யார் பார்க்கிறது? நீ பக்கத்துலயே நில்லு" என்று கம்மலைக் கழற்றி என்னிடம் தந்தாள். எனக்கும் அந்த வைத்தியம்மா மேல் நம்பிக்கை ஒன்றும் இல்லை. சுவரில் ஒரு சான்றிதழ்கூட நேராகத் தொங்கவில்லை.

வைத்தியம்மா டார்ச்சை எடுத்தார். "அதெல்லாம் வேணாம், எரிச்சலுக்கு மட்டும் பாருங்க" என்று இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சரி என்று அவர் டார்ச்சை வைத்துவிட்டு, திரிபலாவைக் கொதிக்கவைத்துப் பலமுறை வடிகட்டி ஆறவைத்த நீரால் கண்ணைக் கழுவினார். பிறகு உளுந்து மாவைப் பிசைந்து இரண்டு கண்ணையும் சுற்றித் தனித்தனியே வரப்பு கட்டினார். நெய்யை ஊற்றப் போகும்போது இவள் தடுத்து, கிண்ணத்தை மூக்கருகே கொண்டுவரச் சொல்லி மோந்து பார்த்தாள். வைத்தியம்மா கோபப்படவில்லை. தன் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்துவிட்டு ஊற்றினார்.

"மெதுவா கண்ணைத் திறந்து திறந்து மூடுங்க."

நெய்க்குளத்துக்கு அடியில் அவளுடைய இரண்டு கண்களும் திறந்து மூடின. எவ்வளவு நாள் கழித்து இரண்டு கண்ணையும் ஒன்றாகத் திறந்திருக்கிறாள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. துடைப்பதற்கு ஒரு வெள்ளைத் துண்டை என்னிடம் தந்திருந்தார்கள். நான் அதைப் பிடித்தபடி நின்றேன்.

நேரம் ஆனதும் வைத்தியம்மா இடது கண் நெய்யை வடித்துத் துடைத்தார். "எதிர்ல என்ன தெரியுது?"

"கலங்கலா இருக்கு. வெள்ளைத் துண்டு."

இடது கண் மேல் ஈரப் பஞ்சை வைத்து மூடிவிட்டு, வலது கண்ணை வடித்தார். "இப்போ?"

"மஞ்சள் துண்டு." உடனே குரல் ஏறியது. "எதுக்கு மாத்தினீங்க? நான் பார்க்கலைன்னு நினைச்சீங்களா?"

வைத்தியம்மா என் கையிலிருந்த துண்டைத் திரும்பிப் பார்த்தார்.

"யாரும் மாத்தலக்கா" என்றேன். "என் கையிலதான் இருக்கு. ஒரே துண்டுதான்."

அவள் பஞ்சை எடுத்துப் போட்டு எழுந்து உட்கார்ந்து, நெய் வழியும் முகத்தோடு துண்டைப் பறித்தாள். இந்தக் கண்ணை மூடிப் பார்த்தாள், அந்தக் கண்ணை மூடிப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

இந்த முறை டார்ச்சுக்கு முகத்தைத் திருப்பவில்லை. வைத்தியம்மா பார்த்துவிட்டுச் சொன்னார்: "வலது கண்ணுல புரை விழுந்திருக்கும்மா. சில பேருக்கு இப்படி மஞ்சளா விழும். கிட்டத்துல இருக்கிறது நல்லாவே தெரியும், அதனால சந்தேகமே வராது. எரிச்சல் இதுல குறையும். புரையை என் நெய் கரைக்காது. கண்ணாஸ்பத்திரிக்குத்தான் போகணும்."

நான் எதிர்பார்த்தது இன்னும் பத்து தடவை வரச் சொல்வார் என்று. இவள் எதிர்பார்த்ததும் அதுதான். கண் என்னாகும், ஆபரேஷன் வலிக்குமா என்று எதுவும் கேட்கவில்லை அவள். துண்டையே பார்த்துக்கொண்டு, "அப்போ மாஸ்டர்?" என்றாள்.

விசாரணைக்கு என்னையும் அழைத்துப் போனாள். "நான் சொன்னா நம்ப மாட்டாங்க. துண்டு உன் கையிலதானே இருந்துச்சு?"

தப்பு மாஸ்டர் மேல் இல்லை, தன் கண் மேல்தான் என்றாள். அவள் என்னிடம் சொன்னபடியே யாரும் நம்பவில்லை. மேனேஜர் அவளை ஏற இறங்கப் பார்த்து, "மாஸ்டர் வீட்டு ஆளுங்க வந்து மிரட்டினாங்களா?" என்றார். மூலையில் நின்ற மாஸ்டரோ, "இது என்ன புதுப் பொறி மேடம்?" என்றார். அவர் கண்ணில் இருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை, வீட்டில் தினமும் பார்க்கிறேனே.

அவள் ஒதுக்கிய சட்டைகளையும் இஸ்திரிக்கே போகாத சட்டைகளையும் கலந்து மேஜையில் போடச் சொன்னாள். வலது கண்ணால் பார்த்து எல்லாம் மஞ்சள் என்றாள். இடது கண்ணால் பார்த்து எல்லாம் வெள்ளை என்றாள். "இந்தக் கண்ணுக்கு நீங்க போட்டிருக்கிற சட்டையும் மஞ்சள்தான் சார்." பிறகு சூப்பர்வைசர் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கும் லேசா தெரிஞ்சுதே. உங்களுக்கும் புரையா?"

அந்த ஆள் தரையில் எதையோ தேட ஆரம்பித்தார்.

மாஸ்டருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. இவளைச் சட்டை மடிக்கும் மேஜைக்கு மாற்றினார்கள். ஆபரேஷன் முடிந்ததும் பார்க்கலாம் என்றார் மேனேஜர், முகத்தைப் பார்க்காமல்.

வாசலில் மாஸ்டர் நின்றிருந்தார். நன்றி சொல்லுவார் என்று நான் அசட்டுத்தனமாக நினைத்தேன்.

"வேலை போனதுகூடப் பரவால்ல மேடம்" என்றார். "வீட்டுல என் சம்சாரம் கேட்டா, நிஜமாவே கருக்கிட்டீங்களா, என்கிட்ட மறைக்காதீங்கன்னு. பூதக்கண்ணாடியே பார்த்துச் சொன்னா தப்பா இருக்குமான்னு கேட்டா."

இவளுக்குக் கண் கலங்கியது. நெய்யோ எரிச்சலோ காரணம் இல்லை.

"நான் வந்து அவங்ககிட்ட சொல்றேன் மாஸ்டர்."

"இனிமே நீங்க சொன்னா யார் மேடம் நம்புவாங்க?" என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

 வீட்டுக்கு வந்ததும் கொடியில் உலர்ந்த கோட்டை எடுத்தாள். வழக்கம்போல் இடது கண் மூடப்போனது. பாதியில் நிறுத்தி, கோட்டை அப்படியே என்னிடம் நீட்டினாள்.

"நீ பார்த்துச் சொல்லு."

"வெள்ளைதான்கா."

அவள் என் முகத்தை இரண்டு கண்ணாலும் பார்த்தாள். நான் நிஜத்தைத்தான் சொல்கிறேனா என்று கண்டுபிடிக்க முயன்றாள். எப்படிப் பார்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.