தனுஷ்கோடியில் முதுகைத் திருப்பி நின்ற ஐந்து நிமிடம்

வேலையை விட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. வீட்டில் அறிவுரை தாங்கவில்லை. அதனால்தான் பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை ராமேஸ்வரம் போனேன். பக்தி காரணமில்லை.

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் 55 கிலோமீட்டர். காலை 4:40 பேருந்தில் ஏறி ஆறேகாலுக்கு இறங்கினேன். அங்கிருந்து தனுஷ்கோடிக்கு ஷேர் ஆட்டோ, தலைக்கு 60 ரூபாய். செல்ஃபி எடுக்க வருகிறவர்களுக்காக வழுவழுவென்று சாலை போட்டிருக்கிறார்கள். அதை ஒட்டிய மீனவர் குடிசைகளுக்கு மின்கம்பி வரவில்லை. யாருக்காக அரசு நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள இந்தப் பக்கம் ஒருமுறை வந்தால் போதும்.

ஏழரை மணிக்குக் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலில் அரைவட்டமாக விட்ட வலையின் இரண்டு கயிற்றையும் கரையில் நின்று இழுக்கும் வேலை. சும்மா போட்டோ எடுத்த என்னைப் பார்த்து வலைக்காரர் அருளப்பன், "தம்பி, கை சும்மாதான இருக்கு? இங்கன வந்து புடிங்க" என்றார். பிடித்தேன். பத்து நிமிடத்தில் உள்ளங்கை எரிந்தது.

எனக்கு முன்னால் இழுத்தவர் செல்வி. முப்பது வயதிருக்கும். கணவர் படகிலிருந்து விழுந்து கால் முறிந்து நான்கு வாரமாகப் படுக்கையில். இன்றுதான் அவர் இடத்தில் கயிறு பிடிக்க வந்திருக்கிறார்.

"இத்தனை நாள் சாப்பாட்டுக்கு?"

"அந்தோணியார் சாமி பங்குண்ணே. வாங்குனது போதும்னுதான் இன்னைக்கு வந்தேன்."

ஒன்பதரைக்கு மடி, அதாவது வலையில் மீன் சேரும் பை, கரையேறியது. சாளை மீனும் காரல் மீனும் கொஞ்சம். வியாபாரியைக் கூப்பிடும் அளவுக்கு இல்லை. அதிலும் முதல் இரண்டு கை மீனை அள்ளி, சிலுவை போட்டு, அந்தோணியார் பங்கு என்று தனிக் கூடையில் போட்டார் அருளப்பன். எனக்குச் சுர்ரென்றது. "இல்லாதவங்ககிட்டயும் சாமி பங்கு கேக்குதா?"

"சாமி மீனு திங்குமாய்யா?" என்று சிரித்தார். "கயிறு புடிக்க ஆளில்லாத வீட்டுக்குப் போகும். போன வாரம் வரைக்கும் செல்வி வீட்டுக்குப் போச்சு. இனிமே கடைசிக் குடிசைக்கு. அங்க பிள்ளை பெத்து ஆறு நாளாச்சு."



மீதியை மணலில் வரிசையாகப் பன்னிரண்டு கூறு வைத்தார்கள். கயிறு தொட்டதால் எனக்கும் ஒன்று. யாராவது முதுகைத் திருப்பி நிற்க வேண்டும், இன்னொருவர் ஒரு கூறைத் தொட்டு "இது யாருக்கு?" என்பார், திரும்பி நிற்பவர் ஒரு பெயர் சொல்வார். வெளியூர்க்காரன் என்பதால் என்னை நிறுத்தினார்கள். பெயர்களைப் போனில் எழுதிக்கொண்டேன்.

திரும்புவதற்கு முன், கடல் பக்கத்திலிருந்து நான்காவது கூறு பெரியது என்று பார்த்து வைத்துக்கொண்டேன். அருளப்பன் கடல் பக்கமிருந்துதான் ஆரம்பித்தார். நான்காவது முறை அவர் கேட்டதும், "செல்வி" என்றேன்.

யாரோ கத்தினார்: "ஏலே, இவரு முதுகுல கண்ணு வச்சுருக்காருடா!"

எல்லோரும் சிரித்தார்கள், செல்வியைத் தவிர.

"நாலு வாரமாப் பாவப்பட்டுக் குடுத்ததத் தின்னோம். அதுல குத்தமில்ல. இன்னைக்கு நான் இழுத்துருக்கேன். எனக்கு எது விழுதோ அதக் குடுங்க. திரும்பக் கூப்புடுங்கண்ணே."

"கலைச்சு வச்சுக் கூப்புடுவோம்" என்றார் அருளப்பன். கூறுகளை இடம் மாற்றினார்கள். இம்முறை அவர் அங்கும் இங்கும் தாவித் தாவித் தொட்டார். செல்விக்கு விழுந்தது இருப்பதிலேயே சின்னது: ஒன்பது சாளை, கொஞ்சம் காரல். அவர் முந்தானையில் அள்ளிக்கொண்டார். இரண்டு சாளையை எடுத்து அந்தோணியார் கூடையில் போட்டார். இத்தனை நாள் அந்தக் கூடையிலிருந்து வாங்கியவர், இன்று கொடுப்பவர்கள் பக்கம் வந்துவிட்டார்.

எனக்குச் சாமி நம்பிக்கை இன்னமும் வரவில்லை. மின்கம்பி ஏன் வரவில்லை என்ற கோபமும் குறையவில்லை. இவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வது அரசு தப்பித்துக்கொள்ள வழி ஆகிவிடக் கூடாது. ஆனால் உதவி என்ற பெயரில் அன்று நான் செய்தது திருட்டாட்டம் என்று தெரியும்.

போகிறவர்களுக்கு: குடிநீர் இரண்டு லிட்டர் எடுத்துப் போங்கள், நிழல் கிடையாது. மாலை ஐந்துக்குள் திரும்பிவிடுங்கள், வாகனங்களை அதற்கு மேல் விடுவதில்லை. கயிறு பிடித்தால் உங்கள் கூறை மறுக்காதீர்கள். முதுகைத் திருப்பச் சொன்னால், எண்ணாமல் நில்லுங்கள்.