ரீவிப் பெட்டிக்குள் இரண்டு பாம்புகள்

கனடாவில், அஜின்கோர்ட்டில் நான் முடி வெட்டிக்கொள்ளும் சலூனில்தான் அந்தக் கதையைக் கேட்டேன். மில்லிக்கனில் ஒரு தமிழன் பேஸ்மென்றுக்குள் பாம்பு வளர்க்கிறானாம். ஒன்பது பாம்பாம். விஷம் எடுத்து அமெரிக்காவுக்கு விற்கிறானாம். முடி வெட்டுகிறவருக்கு அவருடைய மச்சான் சொன்னாராம். மச்சானுக்கு யாரோ ஒரு கலியாண வீட்டில் சொன்னார்களாம்.

"உவன் ஒரு நாளைக்குப் பிடிபடுவான்" என்று என் பிடரியில் கத்தியை வைத்துக்கொண்டு சொன்னார். நான் அசையவில்லை. அந்தப் பாம்புக்காரர் தினமும் என் காரில்தான் வேலைக்கு வருகிறார் என்று சொல்லவும் எனக்குத் துணிவு வரவில்லை.

பாம்புகள் இரண்டுதான். விஷமும் இல்லை.

அவர் பெயர் நீக்கிலாஸ். மன்னார் ஆள். சமையலறை அலுமாரிகள் செய்கிற தொழிற்சாலையில் இருவரும் வேலை செய்தோம். அவர் பலகை அறுப்பார், நான் கதவுகளுக்குப் பிணைச்சல் பூட்டுவேன். எங்களோடு வேலை செய்த கிளென் என்ற வெள்ளைக்காரப் பொடியன் வான்கூவருக்குக் குடிபெயர்ந்தபோது, கொண்டுபோக முடியாத தன் பாம்புகளைத் தலையணை உறைக்குள் போட்டுக் கொண்டுவந்து, யாராவது எடுப்பீர்களா என்று கேட்டான். எல்லோரும் பின்னுக்கு நகர்ந்தோம். நீக்கிலாஸ் அண்ணை மட்டும் உறைக்குள் எட்டிப் பார்த்தார். பார்த்தபடியே நின்றார். செம்மஞ்சள் உடம்பில் கருங்கரை வைத்த சிவப்புத் திட்டுகள். அடிவயிறு முழுக்கச் சோளமணி அடுக்கியதுபோலக் கறுப்பு வெள்ளைக் கட்டம். கோர்ன் ஸ்னேக் என்றான் கிளென்.

அன்று வீடு திரும்பும்போது உறை அவர் மடியில் இருந்தது. நான் ஒரு கண்ணை வீதியிலும் மற்றக் கண்ணை உறையிலும் வைத்து ஓட்டினேன்.

"என்னண்ணை செய்யப்போறியள் உதுகளை?"

"தெரியாது தம்பி. பாத்துக்கொண்டிருக்கக் கண் சொருகுது."

அதன் அர்த்தம் எனக்கு அடுத்த நாள் காலையில் விளங்கியது. கனடாவுக்கு வந்து ஏழு வருடம் நித்திரையில்லாமல் அலைந்த மனிதர் அவர். நான் போய் ஹோர்ன் அடிப்பதற்கு முன்பே பனிக்குள் வந்து நிற்பார். அன்று ஹோர்ன் அடித்தும் ஆளைக் காணவில்லை. பேஸ்மென்ற் ஜன்னலில் குனிந்து தட்டினேன். கதிரையில் சாய்ந்தபடி, வாய் திறந்து, குழந்தைபோலத் தூங்கிக்கொண்டிருந்தார். எதிரே மீன் தொட்டிக்குள் இரண்டும் சுருண்டு கிடந்தன.

அந்த மீன் தொட்டிதான் வினையானது. மூடிக்குப் பதிலாகக் கேக் தட்டை வைத்து, மேலே அரிசிப் பையை ஏற்றியிருந்தார். சின்னது ஒரு மூலையை நெம்பிக்கொண்டு போய்விட்டது. மேல்வீட்டில் குடியிருக்கும் அன்ரனெற், துணி காயவைக்கும் மெஷினின் பின்னால் விழுந்த காலுறையை எடுக்கக் கையை விட்டிருக்கிறாள். சூடாக, வழுவழுவென்று என்னவோ. அவள் கத்திய கத்தலில்தான் அந்தக் கதை சலூன் வரைக்கும் போனது.

"நீக்கிலாஸ் அண்ணை, நீங்கள் நாயை வளத்தால் நான் மீன்முள்ளுத் தருவன். இதுக்கு என்னத்தைத் தாறது? என்ர காலுறையையோ?"

"அது குளிருக்குப் போயிருக்குது பிள்ளை. உங்களைத் தேடி வரேல்லை."

"தேடி வேற வரோணுமோ!"

ஒழுங்கான கூடு ஒன்று கட்டுவதென்று அன்றைக்கு முடிவானது. ஸ்ரீல்ஸ் வீதிப் பக்கம் தெருவோரத்தில் யாரோ எறிந்திருந்த பழைய ரீவியின் வெறும் மரக்கூட்டை, கால்களோடு, என் காரின் டிக்கியில் கட்டிக்கொண்டு வந்தோம். நூலகத்தில் ஒரு பாம்புப் புத்தகம் எடுத்தேன். போகும்போதும் வரும்போதும் சிவப்பு விளக்குகளில் ஒவ்வொரு பந்தியாக வாசித்துத் தமிழில் சொல்வேன். ஒரு பக்கம் சூடாக இருக்க வேண்டும், மறுபக்கம் குளிர்ச்சியாக. ஒளிந்துகொள்ள இரண்டு பக்கமும் இடம் வேண்டும். ஓர் இடம்தான் இருந்தால், வெளியே வரப் பயந்து, குளிர்ந்தாலும் அதற்குள்ளேயே கிடக்கும்.

"விறைச்சாலும் வராதோ?"

"வராதெண்டுதான் கிடக்கு."

அவர் கை நீட்டிக் கார் ஹீற்றரைக் கூட்டினார்.

இரண்டையும் ஒன்றாக விடக்கூடாது என்று புத்தகம் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. "இந்த நாட்டில தனிய விடுறதே?" என்றார். ஆனால் பெரியது பக்கத்தில் கிடந்தால் சின்னது தின்ன மறுத்ததை அவரே பார்த்தார். நடுவில் பலகை அடித்தார். சூட்டுத் தகடுகளை இரண்டு அந்தங்களிலும் வைத்தார். ஐஸ்கிறீம் பெட்டிகளைக் கவிழ்த்து வாசல் வெட்டினார். காற்றுக்குத் துளைகள், தண்ணீருக்குக் கிண்ணங்கள், கண்ணாடி வாங்கும்வரை முன்னால் கம்பி வலை. கீழே விரிக்கத் தமிழ்க் கடைகளில் சும்மா கிடைக்கும் பேப்பர்கள். அதிலும் மரண அறிவித்தல் பக்கங்களை எடுத்து மடித்து வைத்துவிடுவார். வீடு விற்கிறவர்களும் காப்புறுதிக்காரரும் கோட் சூட்டோடு சிரிக்கும் பக்கங்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

பின்னேரங்களில் நானும் போய் உட்காருவேன். ஜன்னலில் பனி பாதி உயரத்துக்கு நிற்கும். அறை விளக்கை அணைத்துவிட்டால், ரீவிக்குள் இருக்கும் மங்கல் வெளிச்சம் மட்டும். ஒரு தலை பெட்டி வாசலில் தோன்றும். நாக்கு வந்து காற்றைத் தொட்டுப் போகும். பிறகு உடம்பு வரும். வந்துகொண்டே இருக்கும், முடிவே இல்லாததுபோல. எந்த நேரமும் எதையாவது நினைத்துப் பயந்துகொண்டிருக்கிற எனக்கே, என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்பது மறந்துபோகும். அன்ரனெற்றும் தேத்தண்ணிக் கோப்பையோடு படியில் வந்து குந்துவாள். இறங்கி வரமாட்டாள். "இண்டைக்கு என்ன படம்?" என்று அங்கிருந்தே கேட்பாள்.

ஒன்றுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவருடைய மனைவி வேரோனிக்காவுக்கு விசா கிடைத்து, கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் வந்து தங்கியிருந்தார். அடுத்த கிழமை விமானம். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் இவர்கள் இடம்பெயர்ந்து மடுத் தேவாலயத்து மரத்தடியில் படுத்திருந்தபோது, வேரோனிக்காவின் தங்கையைப் புடையன் பாம்பு கடித்தது. விடியும்வரை அக்காவின் மடியில் கிடந்துதான் அந்தப் பிள்ளை செத்தது.

"அண்ணை, அவவுக்குச் சொல்லிப்போட்டியளோ?"

"கூடு முடியட்டும் தம்பி. பூட்டுப் போட்டிட்டுச் சொல்லுறன்."

வெள்ளிக்கிழமை கூடு முடிந்தது. ரீவித் திரை இருந்த இடத்தில் வழுக்கும் கண்ணாடிகள், அவற்றில் நகைக்கடை ஷோகேசுக்குப் போடுகிற பூட்டு. திறப்பை நூலில் கோத்துக் கழுத்துச் சிலுவையோடு போட்டுக்கொண்டார். மறுநாள் காலை நான் போனபோது, அன்ரனெற் முதல்முறையாகப் படியிலிருந்து இறங்கி, அறைக்குள்ளேயே நின்றாள். முகம் சரியில்லை.

"அண்ணை, என்னைக் குறை நினையாதேங்கோ. கொழும்பில நிக்கிற என்ர அண்ணிக்கு ரெலிபோன் எடுக்கேக்க, நான் பகிடியாத்தான் சொன்னனான். வேரோனிக்கா அக்காவும் அவ நிக்கிற லொட்ஜிலதான் நிக்கிறா எண்டு எனக்கு மறந்துபோச்சு."

"என்னெண்டு சொன்னனீங்கள்?"

"நீங்கள் பாம்பு வளக்கிறியளெண்டு. அண்ணி அதை அங்க சொல்லிப்போட்டா. வேரோனிக்கா அக்கா நேற்றையான் சாப்பாட்டைத் தொடேல்லையாம். ரிக்கற்றைத் திருப்பிக் குடுக்கலாமோ எண்டு ஏஜென்சியில கேட்டவவாம்."

நீக்கிலாஸ் அண்ணை கதிரையில் இருந்தார். கொழும்பில் இப்போது மாலை. ரெலிபோன் அட்டையிலுள்ள நீண்ட இலக்கங்களை ஒவ்வொன்றாக அழுத்தினார்.

"பாம்புகளைக் குடுத்திட்டன் எண்டு சொல்லுங்கோ அண்ணை" என்றேன். "பிறகு பெற் ஷொப்பில குடுப்பம்."

"குடுக்கேல்லையே தம்பி."

"அப்ப என்ன சொல்லப்போறியள்?"

"நீ வா எண்டு சொல்லப்போறன். உனக்குப் பயமெண்டால் அண்டைக்கே குடுத்திடுறன், ஆனா ஒருக்காப் பார் எண்டு சொல்லுவன். நான் நித்திரை கொள்ளுறன் எண்டு சொல்லுவன். அது அவளுக்குத் தெரியாது."

அவர் ரிசீவரைக் காதிலிருந்து சற்றே விலக்கிப் பிடித்திருந்தார். கடலுக்கு அடியில் யாரோ மணியடிப்பதுபோல அந்தச் சத்தம் எங்கள் மூவருக்கும் கேட்டது. நின்று, மறுபடி அடித்தது. லொட்ஜில் ரெலிபோன் கீழ்த்தளத்தில், மனேஜரின் மேசையில் என்று அன்ரனெற் சொன்னாள். யாராவது எடுத்து மேலே போய்க் கூப்பிட வேண்டும். ஒருவரும் எடுக்கவில்லை. வைத்துவிட்டுப் பிறகு எடுப்போமா என்று கேட்டேன். அவர் தலையசைத்து மறுத்தார். மணி அடித்துக்கொண்டிருந்தது.