மல்லாட்டை உடைக்கும் சத்தத்தில் வந்த தூக்கம்

சபையாரே, எழுபது நாள் நான் தூங்கவில்லை. எழுபத்தோராம் நாள் ஆண்டவர் என்னைத் தூங்க வைத்தார். ஆனால் யாரை அனுப்பித் தூங்க வைத்தார் என்பதை மட்டும் விட்டுவிட்டுச் சாட்சி சொல்லும்படி நம் உபதேசியார் என்னிடம் இரண்டு தரம் கேட்டுக்கொண்டார். நான் விடப் போவதில்லை. பாதிச் சாட்சி சொல்லுகிற வயது எனக்குத் தாண்டிவிட்டது.

என்னை உங்களுக்குத் தெரியும். சாமுவேல், ரயில்பாதைக் கேங்கில் முப்பது வருஷம் உழைத்தவன். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே என் சுத்தியல் படாத தண்டவாளம் கிடையாது. வேலையிலிருந்து நின்றபின் மிஷன் நிலத்தில் கடைசி வீட்டில் நானும் என் மனைவி ரெபேக்காளும் குடியிருந்தோம். நாற்பத்திரண்டாம் வருஷம் தை மாதம் நாலே நாள் காய்ச்சலில் அவள் போய்விட்டாள். போனவள் என் தூக்கத்தையும் கையோடு கொண்டுபோய்விட்டாள்.

பொழுது சாய்ந்தால் எனக்குப் பயம் வரும். படுப்பேன். உடம்பு அடித்துப் போட்டதுபோல் கிடக்கும், கண் மட்டும் மூடாது. கசகசாப் பால் குடித்தேன். தலையில் விளக்கெண்ணெய் வைத்தேன். ஒருவர் அபின் தின்னச் சொன்னார். இன்னொரு மகராசர் வந்து, ஏதாவது மறைத்த பாவம் இருக்கும், அறிக்கையிட்டால் தூக்கம் வரும் என்றார். "பாவம் பண்ண காலத்துல எல்லாம் நான் நல்லா தூங்கினேங்க" என்றேன். அவர் அப்புறம் என் வீட்டுப் பக்கம் வரவில்லை.

ஆண்டவர் தமக்குப் பிரியமானவர்களுக்குத் தூக்கம் கொடுக்கிறார் என்று ஒரு ஞாயிறு பிரசங்கம் கேட்டேன். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. அப்படியானால் நான் அவருக்குப் பிரியமில்லாதவனா?

நீங்களும் எனக்கு உதவி செய்தீர்கள். அதை மறுக்கவில்லை. பெரியவர் தூங்கட்டும், அவர் வீட்டுப் பக்கம் சத்தம் கூடாது என்று உபதேசியார் சபையில் அறிவித்தார். பிள்ளைகளை வேறு பக்கம் விளையாடத் துரத்தினீர்கள். பெண்கள் உரலை நகர்த்திக்கொண்டு போனார்கள். கூழ் கொண்டுவந்தவர்கள் ஒரு குரல்கூடக் கொடுக்காமல் வாசலில் வைத்துவிட்டு நுனிக்காலில் நடந்து போனார்கள். அத்தனையும் அன்புதான். அந்த அன்புதான் என்னைக் கொன்றுகொண்டிருந்தது. அப்போது அது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

விழுப்புரத்திலிருந்து என் மகள் எஸ்தர் வந்து அழைத்துப்போனாள். பத்து நாள் இருந்தேன். அங்கேயும் அதே கதைதான். "அப்பா படுத்துக்கினு இருக்காரு, ஒருத்தரும் பேசக்கூடாது" என்று வீட்டையே ஊமையாக்கிவிட்டாள். திரும்பி வந்துவிட்டேன்.

பங்குனி பிறந்தது. ஒருநாள் காலை பத்து மணி இருக்கும், பழக்கம் விடாமல் கால் என்னைப் பாதைக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே நின்றபடியே கண் சொருகிவிட்டது. ரயில்வே கேட்காரன் ஓடிவந்து தோள் துண்டைப் பிடித்து இழுத்துத் தள்ளினான். கூட்ஸ் வண்டி என் முகத்தில் காற்றடித்துக்கொண்டு போயிற்று.

சேதி கேட்டு எஸ்தர் அழுதுகொண்டு வந்தாள். "உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு எல்லாரும் சொல்றாங்கப்பா. பட்டணத்துல பைத்தியக்கார ஆஸ்பத்திரியில சேத்துடலாம். உயிராவது மிஞ்சும்" என்றாள். ஒரு வாரம் தவணை கேட்டேன். அங்கே போனால் திரும்ப மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்கு ஜெபம் பண்ணினேன். முழங்கால் மடங்காது, கட்டிலில் உட்கார்ந்தே பண்ணினேன். அழகான ஜெபம் இல்லை. "ஆண்டவரே, நீர் தூங்காதவர். தூங்காதவருக்கு என் கஷ்டம் எப்படித் தெரியும்? மூன்று நாள் தருகிறேன். அதற்குள் தூக்கம் வராவிட்டால் ஞாயிறு உம்முடைய ஆலயத்தில் என்னைப் பார்க்க மாட்டீர்" என்றேன். ஆமென் சொல்லவில்லை. சொல்ல மனம் வரவில்லை.

மூன்றாம் நாள் உச்சி வேளையில் முனுசாமி வந்தான். என் கேங்கில் எனக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவன். பௌர்ணமிக்குத் திருவக்கரை அம்மனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பும் வழி. நெற்றி நிறையக் குங்குமம், தோளில் ஒரு பை மல்லாட்டை, ஓடு உடைக்காத வேர்க்கடலை.

"இன்னாடா சாமேலு, மூஞ்சி செத்தவன் மூஞ்சியா இருக்குது?"

சொன்னேன். அவன் புத்தி சொல்லவில்லை. வாசலில் உட்கார்ந்து, ஒரு கல்லை எடுத்து மல்லாட்டையைத் தட்டி உடைக்க ஆரம்பித்தான். அவனுக்குப் பல் இல்லை. டக். பழைய மேஸ்திரியைப் பற்றி ஏதோ பேசினான். டக். அவனுடைய மருமகளைத் திட்டினான். டக்.

கண் விழித்தபோது விளக்கு வைக்கிற நேரம். முனுசாமி அதே இடத்தில் கல்லைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னும் நீ போவலியா?"

"மல்லாட்டை எப்பவோ தீந்துபோச்சுடா. வெறுங்கல்லைத் தட்டிக்கினு இருக்கேன். நிறுத்தினா நீ முழிச்சிக்குவ இல்ல?"

சபையாரே, கேங்கு வேலை தெரியாதவர்களுக்குச் சொல்லுகிறேன். மத்தியானம் கூழ் குடித்தபின் பாதையோரமே கொஞ்ச நேரம் படுப்போம். ஒருவன் மட்டும் சிவப்புக் கொடியோடு காவல் நிற்பான். அவன் தூங்கிவிடவில்லை என்று மற்றவர்களுக்குத் தெரியவேண்டாமா? அதற்காக அவ்வப்போது சுத்தியலால் தண்டவாளத்தில் ஒரு தட்டுத் தட்டுவான். அந்தச் சத்தம் கேட்கிறவரை தூங்குவோம். சத்தம் நின்றால் எல்லோரும் துள்ளி எழுந்துவிடுவோம். முப்பது வருஷம் என் உடம்பு படித்த பாடம் இது. வேலையை விட்டபின் ரெபேக்காள் எனக்குத் தெரியாமலே அந்தக் காவலை ஏற்றுக்கொண்டாள். என் தலைமாட்டில் உட்கார்ந்து சின்ன உரலில் வெற்றிலை பாக்கு இடிப்பாள். அவள் போனதும் சத்தம் நின்றது. எழுபது நாளும் நான் துள்ளி எழுந்துகொண்டே இருந்திருக்கிறேன். நீங்களோ இன்னும் அமைதி, இன்னும் அமைதி என்று அன்போடு கொண்டுவந்து கொட்டினீர்கள்.

முனுசாமியைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவனும் அழுதான். "மவன் வீட்ல எனக்கு ஒரு மூலை. சோறு போடுறாங்க, பேச்சுதான் கெடையாது. நானும் தூங்கி ஆறு மாசம் ஆவுதுடா" என்றான். இங்கேயே இருடா என்றேன். விதைக்கு உடைத்துக் கொடுக்கக் கூலிக்கு மல்லாட்டை வாங்கிவந்து முறை வைத்துக்கொண்டோம். ஒருவன் தூங்குவான், ஒருவன் உடைப்பான். தவணை முடிந்து எஸ்தர் வந்தபோது நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன். அவள் எழுப்பாமல் உட்கார்ந்து ஒரு முறம் உடைத்துக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனாள்.

ஆனால் குங்குமம் வைத்தவன் மிஷன் வீட்டில் தங்கலாமா என்று கேள்வி வந்தது. உபதேசியார் தன்மையாகத்தான் சொன்னார்: "பெரியவரே, அவரை அனுப்பிடுங்க. இல்லன்னா வீட்டைக் காலி பண்ணச் சொல்லி மேலேருந்து உத்தரவு வரும். அவர் நம்ம ஆளு இல்லீங்களே."

"ஐயா, வேதத்துல பசியா இருந்த தீர்க்கதரிசிக்குக் காக்கா சோறு கொண்டாந்து குடுத்துச்சே, அது ஞானஸ்நானம் வாங்கின காக்காவா?" என்றேன்.

அவர் அன்றைக்குத் திரும்பிப் போய்விட்டார். மறு வாரம் முடிவாகச் சொல்ல மத்தியானத்தில் வந்தார். வெயிலில் நடந்து வந்த களைப்பு. முனுசாமி தண்ணீர் கொடுத்துவிட்டு உடைக்க உட்கார்ந்தான். நான் வீட்டுச் சாவியை உபதேசியார் முன்னால் வைத்து, "அவன் போனா நானும் போறேன். புளியமரத்தடியில படுத்தாலும் அவன் இருந்தா தூங்குவேன்" என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டக், டக் என்று சத்தம். அப்படியே சுவரில் சாய்ந்து அரை மணி நேரம் குறட்டை விட்டார். எழுந்து முகம் கழுவிக்கொண்டு போனவர் சாவியை எடுத்துக்கொண்டு போகவில்லை. இதைச் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள் ஐயா.

என் ஜெபத்துக்கு ஆண்டவர் பதில் கொடுத்தார். மூன்று நாள் கெடுவை முறைத்துக்கொண்டு வைத்தேன். அவர் என்மேல் கோபப்படாமல் கெடுவுக்குள்ளேயே ஆளை அனுப்பினார். அவருக்கு ஸ்தோத்திரம். இன்று அடித்துச் சொல்லுகிறேன்: அவர் தூங்காதவர் என்பது உண்மை. ஆனால் தூங்காத அவருடைய காவல் எனக்கு ஒரு மனிதன் கையிலிருந்த கல்லின் வழியாகத்தான் கேட்டது. நீங்களும் அவரிடம் கேளுங்கள். வாய் நிறையக் கோபத்தோடானாலும் கேளுங்கள், தாங்கிக்கொள்வார். உங்கள் வீட்டு வரிசையில் தனியாகக் கிடக்கிற கிழவனோ கிழவியோ இருந்தால் ஜெபிக்கிறேன் என்று சொல்லிவிட்டு நுனிக்காலில் போகாதீர்கள். ஜெபித்துவிட்டு, ஒரு படி மல்லாட்டையோடு போய்ப் பக்கத்தில் உட்காருங்கள்.

முனுசாமி வெளியே வேப்பமரத்தடியில் எனக்காகக் காத்திருக்கிறான். இப்போது அவன் தூங்குகிற முறை, நான் உடைக்கிற முறை. அதனால் உபதேசியாரே, நீண்ட ஜெபம் வேண்டாம். ஜல்தியாக முடியுங்கள். அன்றைக்கு நான் சொல்லாமல் விட்ட ஆமெனையும் சேர்த்து இப்போது சொல்லிவிடுகிறேன். ஆமென்.